மடகாஸ்கரில் ஊர் சுற்றுவது எப்படி: சாலை, படகு, டாக்ஸி-ப்ரூஸ் முழுமையான வழிகாட்டி

மடகாஸ்கருக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் பலரும் முதலில் வரைபடத்தை விரிக்கிறார்கள். பாவோபாப் மரங்கள் இங்கே, குரங்கு போன்ற லெமூர்கள் அங்கே, சிங்கி என்ற கூர்ப்பாறைக் காடு மேற்கே, நோசி பே கடற்கரை வடக்கே என்று நான்கைந்து புள்ளிகளைக் குறித்து, இரண்டு வாரத்தில் அத்தனையையும் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு அங்கே செல்லாது.

இந்தத் தீவின் பரப்பு 5,87,041 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிட நாலரை மடங்கு பெரியது. வடமுனையிலிருந்து தென்முனைக்கு ஏறக்குறைய 1,600 கி.மீ. இவ்வளவு பெரிய நாட்டில் நல்ல தார்ச்சாலை என்று சொல்ல மிகச் சிலதான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நடுமேட்டில் இருக்கும் தலைநகர் அந்தனனரிவோவிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒரு கடற்கரை ஊரிலிருந்து இன்னொரு கடற்கரை ஊருக்கு நேராகப் போக முடிவது அபூர்வம். பெரும்பாலும் தலைநகருக்குத் திரும்பி வந்து, மறுபடி கிளம்ப வேண்டும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு பயணத்துக்கு ஒரு திசை. கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், மணி நேரத்தைப் பாருங்கள்.

1. முதலில் மாதம், பிறகு ஊர்

நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். அதிலும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் புயல் மாதங்கள். இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயல்கள் கிழக்குக் கரையில் மோதும். பாலம் போகும், சாலை சரியும். மேற்கே மண்சாலைகள் சேறாகி வண்டி ஓடாது. சிங்கி டி பெமராஹா தேசியப் பூங்கா மழைக்காலத்தில் மூடியே இருக்கும், ஏப்ரல் வாக்கில்தான் அங்கே போக வழி கிடைக்கும்.

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். சுற்றுவதற்கு இதுதான் சரி. ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பிய விடுமுறைக் கூட்டம் வருவதால் கார்களும் அறைகளும் முன்கூட்டியே நிரம்பிவிடும். செப்டம்பரும் அக்டோபரும் என்னைக் கேட்டால் மிக நல்ல மாதங்கள்: கூட்டம் குறைவு, சாலை காய்ந்திருக்கும், லெமூர் குட்டிகள் தாயின் முதுகில் ஏறித் திரியும். ஜூன், ஜூலையில் போகிறவர்கள் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கா பக்கம் என்றாலே வெயில் என்று நினைத்துப் போனால், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் அன்சிராபேயில் இரவுக் குளிர் நடுங்க வைத்துவிடும்.

2. திசையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முறை போகிறவர்களுக்குத் தெற்கு. தேசிய நெடுஞ்சாலை 7, அங்கே எல்லோரும் சொல்வது ஆர்என்7, தலைநகரிலிருந்து தென்மேற்குக் கரையில் உள்ள துலியாரா வரை சுமார் 940 கி.மீ. ஓடுகிறது. மலைவயல்கள், மழைக்காடு, புல்வெளி, மணற்கல் பள்ளத்தாக்கு, கடைசியில் கடல் என்று தீவின் முகங்கள் பலவும் ஒரே சாலையில் வந்துவிடும். பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும்.

மேற்குத் திசை பாவோபாப் சாலைக்கும் சிங்கிக்கும். கடினமான சாலை, நிறைவான பயணம். இதற்கும் பத்து நாளாவது ஒதுக்க வேண்டும்.

கிழக்கு, நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு. தலைநகரிலிருந்து 140 கி.மீ. சொச்சத்தில் அந்தசிபே காடு. லெமூர்களிலேயே பெரியதான இந்த்ரி அங்கே இருக்கிறது. அதன் காலைக் கூவல் கிலோமீட்டர் கணக்கில் கேட்கும். ஒரே வாரம்தான் இருக்கிறது என்றால் அந்தசிபேயில் மூன்று இரவு தங்குங்கள், வேறு எதற்கும் ஆசைப்படாதீர்கள்.

வடக்கு என்றால் நோசி பே தீவு, அன்காரானா தேசியப் பூங்கா, அன்சிரனனா துறைமுக நகரம். தலைநகரிலிருந்து சாலை வழியாக வடக்கே போவது பொறுமையைச் சோதிக்கும். விமானத்தில் போய் அங்கேயே சுற்றித் திரும்புவதுதான் நல்லது.

3. வந்து சேர்வது

இந்தியாவிலிருந்து எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா, கென்யாவின் நைரோபி, மொரீஷியஸ் ஆகியவற்றில் ஒன்றில் விமானம் மாறுவது வழக்கமான வழி. சுற்றுலா விசாவை இவாத்து விமான நிலையத்தில் இறங்கியதும் பணம் கட்டி வாங்கலாம், இணையத்திலும் முன்பே வாங்கலாம். திரும்பும் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள், அச்செடுத்து வைத்திருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயத்தில் கவனம். நோய் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் எத்தியோப்பியாவும் கென்யாவும் உண்டு. அந்த விமான நிலையங்களில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தால் மடகாஸ்கர் சான்றிதழ் கேட்கும். அதைவிட முக்கியம், இந்தியா திரும்பும்போது நம் சுகாதார அதிகாரிகள் இதில் மிகக் கண்டிப்பு. சான்றிதழ் இல்லாதவர்களைத் தனிமைப்படுத்தவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரை பற்றியும் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கடற்கரைப் பகுதிகளில் மலேரியா நிறைய.

விமானம் இரவில் இறங்குகிறது என்றால் நகரத்துக்குள் போகாமல் இவாத்து பக்கத்திலேயே ஒரு விடுதியில் தங்குங்கள். அழைத்துப் போக ஆள் அனுப்பச் சொல்லுங்கள். நகரம் அங்கிருந்து 15 கி.மீ. சொச்சம்தான், ஆனால் இருட்டில், புது ஊரில், பெட்டியோடு போக வேண்டிய தேவை இல்லை.

4. பணம், போன்

நாணயம் ஆரியாரி. நம் ஒரு ரூபாய்க்கு சுமார் 50 ஆரியாரி என்று வைத்துக்கொள்ளலாம். இருப்பதில் பெரிய நோட்டே 20,000. அதாவது நானூறு ரூபாய் சுமார். கார் வாடகை போன்ற பெரிய தொகையை எண்ணிக் கொடுக்கக் கட்டுக் கட்டாக நோட்டு வேண்டும், அதற்கேற்ற பை ஒன்று வைத்திருங்கள்.

ரூபாயை அங்கே மாற்ற முடியாது. யூரோ கொண்டு போங்கள், கிழியாத, எழுத்துக் கிறுக்கல் இல்லாத நோட்டுகளாக. நகரங்களில் ஏடிஎம் உண்டு, விசா கார்டு சுலபமாக வேலை செய்யும். ஒரு தடவைக்கு எடுக்கக்கூடிய தொகை குறைவு. சிற்றூர்களில் ஏடிஎம் இருந்தாலும் அதில் பணமோ மின்சாரமோ இல்லாமல் போகலாம். ஃபியனரன்சுவா போன்ற பெரிய ஊரைத் தாண்டும்போதெல்லாம் அடுத்த பெரிய ஊர் வரைக்கும் போதுமான பணத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி. 2005 முதல் ஆரியாரி மட்டும்தான் அதிகாரபூர்வ நாணயம் என்றாலும், சந்தையில் வயதானவர்கள் இன்னும் பழைய ஃப்ராங்கில் விலை சொல்வார்கள். ஐந்து ஃப்ராங்க் ஒரு ஆரியாரி. ஒரு சீப்பு வாழைப்பழத்துக்குக் கேட்கிற விலை அநியாயமாகத் தோன்றினால், கோபப்படும் முன் ஃப்ராங்கா ஆரியாரியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிம் கார்டை விமான நிலையத்திலோ ஊருக்குள்ளோ பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கலாம். நமக்குப் பழக்கமான ஏர்டெல் அங்கும் உண்டு. ஆரஞ்ச் இருக்கிறது. எம்வோலா என்ற கைபேசிப் பணம் பெட்டிக்கடை வரை புழங்குகிறது. விடுதிக்கோ காருக்கோ முன்பணம் அனுப்பும்போது பயன்படும்.

மின்வெட்டு சாதாரணம். தண்ணீரும் மின்சாரமும் சரியாக வராததை எதிர்த்து 2025 செப்டம்பரில் தலைநகரில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், அடுத்த மாதமே ஆட்சி மாறியது. ஆகவே பவர் பேங்க், தலையில் மாட்டும் டார்ச் இரண்டும் அவசியம். கிளம்பும் வாரத்தில் தலைநகர் நிலவரத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

5. தானாவுக்குள்

அந்தனனரிவோவை எல்லோரும் தானா என்றுதான் சொல்கிறார்கள். குன்றுகளும் படிக்கட்டுகளும் குறுகிய தெருக்களும் நிறைந்த ஊர், போக்குவரத்து நெரிசல் கடுமை. தந்த நிறத்தில் பழைய ரெனோ 4, சித்ரோயன் 2சிவி கார்கள் டாக்ஸியாக ஓடுவதைப் பார்ப்பீர்கள். மீட்டர் கிடையாது. ஏறும் முன் விலை பேசிவிட வேண்டும். ஏறியதும் டிரைவர் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, உங்கள் சவாரிக்கு வேண்டிய அளவு மட்டும் போட்டுக்கொண்டு, கூலியில் கொஞ்சம் இப்போதே தாருங்கள் என்று கேட்கலாம். அங்கே அது இயல்பு, கொடுத்துவிட்டு மீதியைக் கடைசியில் கழித்துக்கொள்ளுங்கள்.

டாக்ஸி-பே என்ற மினிபஸ்கள் எண் போட்டு ஓடுகின்றன. மிக மலிவு. ஆனால் நிறுத்தம் தெரிய வேண்டும், நெரிசலில் ஜேப்படி நடக்கும். பகலில், கைப்பையை முன்னால் அணைத்துக்கொண்டு போகலாம். இருட்டிய பிறகு தானாவில் நடக்காதீர்கள், இரண்டு தெரு தள்ளிப் போவதானாலும் டாக்ஸிதான்.

வெளியூர்களில் கதை வேறு. அன்சிராபேயில் மனிதர் இழுக்கும் பூஸ்-பூஸ் வண்டிகள் இன்னும் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. வெப்பமான கரையோர ஊர்களில் மூன்று சக்கர ஆட்டோ, அங்கேயும் அதற்கு பஜாஜ் என்றே பேர்.

6. டிரைவரோடு காரா, டாக்ஸி-ப்ரூஸ் என்ற மினிபஸ்ஸா?

பயணத்தின் செலவையும் சுகத்தையும் தீர்மானிப்பது இந்த ஒரு முடிவுதான்.

மடகாஸ்கரில் கார் வாடகை என்றாலே டிரைவரோடு சேர்த்துத்தான். நீங்களே ஓட்ட வாய்ப்பிருந்தாலும் வேண்டாம். குழி, பாலத்தில் கழன்ற பலகை, சாலை நடுவே நிற்கும் செபு மாட்டு மந்தை, கரி மூட்டை ஏற்றிய சைக்கிள் எல்லாவற்றையும் சமாளிக்கிற உள்ளூர்க்காரரின் கண் வேண்டும். அவரே மொழிபெயர்ப்பாளர், அவரே மெக்கானிக். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் செலவும் பெரிதாகத் தெரியாது.

பேரம் பேசும்போது நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். எரிபொருள் வாடகைக்குள் அடங்குமா? டிரைவரின் சாப்பாடும் தங்கலும் யார் பொறுப்பு? ஆற்றுப் படகுக் கட்டணம் யார் தருவது? முக்கியமாக, துலியாராவில் நீங்கள் இறங்கிக்கொண்டால் வண்டி தானாவுக்குக் காலியாகத் திரும்புகிற நாட்களுக்கு வாடகை உண்டா? பெரும்பாலும் உண்டு. அதைச் சேர்க்காமல் போட்ட பட்ஜெட் துலியாராவில் உதைக்கும்.

நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் எல்லா இடத்துக்கும் தேவையில்லை. ஆர்என்7-க்கும் அந்தசிபேக்கும் சாதாரண வேன் போதும். மேற்குக் கரை ஊரான மொருந்தாவாவுக்கு வடக்கே சிங்கிக்குப் போக ஜீப் இல்லாமல் முடியாது.

இனி டாக்ஸி-ப்ரூஸ். நாடு முழுவதும் சாதாரண ஜனங்கள் ஊர்விட்டு ஊர் போவது இந்த மினிபஸ்களில்தான். தானாவில் திசைக்கு ஒன்றாக நிலையங்கள் இருக்கின்றன. தெற்கே போகிறவை ஃபசங்கரானா நிலையத்திலிருந்து கிளம்பும். எந்தத் திசைக்கு எந்த நிலையம் என்று முதல் நாளே விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்குப் போகவே காலை முழுக்க ஆகிவிடும்.

நிலையத்தில் டாக்ஸியை விட்டு இறங்கும் முன்பே ஏஜென்டுகள் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவர் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கவே ஆரம்பிப்பார். பையை விடாதீர்கள், சிரித்துக்கொண்டே போகிற ஊரின் பேரைச் சொல்லுங்கள், கவுன்ட்டர் வரை நடங்கள். அங்கே ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருக்கும். வண்டியின் இருக்கைகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, சீட்டு வாங்கியவர்களின் பேரை எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பாதிக் கட்டம் காலியாக இருந்தால் அந்த வண்டி நிறையும் வரை கிளம்பாது, நாலு மணி நேரம்கூட ஆகலாம். முக்கால்வாசிப் பேர் எழுதியிருக்கும் வண்டியைத் தேடி ஏறுங்கள். டிரைவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தால் அதைக் கேளுங்கள், காலை நீட்ட முடிகிற இடம் அதுதான். கடைசி வரிசையை எடுக்காதீர்கள். கொஞ்சம் பருமனானவர்களும் நீண்ட தூரம் போகிறவர்களும் இரண்டு சீட்டு வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம்தான், யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள்.

பெட்டிகள் கூரை மேல் போகும். அரிசி மூட்டை, மெத்தை, கூடையில் வாத்து என்று மலைபோல் குவித்து, தார்ப்பாய் மூடிக் கயிறு கட்டுவார்கள். பாஸ்போர்ட், பணம், மாத்திரை, கேமரா, ஒரு போர்வை இவ்வளவும் மடியில் இருக்கட்டும். டிக்கெட் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். கூரை மேல் ஏற்றுகிற பெட்டிக்குத் தனியாகக் கேட்டால் அதில் பேரம் பேசலாம்.

கொத்தீஸ் போன்ற சில நிறுவனங்கள் குறித்த நேரத்தில், ஆளுக்கொரு இருக்கையாக, முன்பதிவோடு பெரிய ஊர்களுக்கு இடையே வண்டி விடுகின்றன. சாதாரண வண்டியைவிட விலை அதிகம். முதல் முறை போகிறவர்கள், வயதானவர்களோடு போகிறவர்கள் இதையே எடுங்கள்.

இரவு வண்டி வேண்டாம். சில தடங்களில் வழிப்பறி நடக்கிறது, டிரைவரும் தூங்கி வழிவார். பகலில் போனால் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுதான் பாதிப் பயணம்.

7. ஆர்என்7: எங்கே நிறுத்துவது

தானாவிலிருந்து அன்சிராபே 170 கி.மீ. நம் ஊரில் மூன்று மணி நேரம் என்று நினைப்போம், ஐந்தாவது வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு அங்கே.

அடுத்த நாள் மரச்சிற்பத்துக்குப் பேர்போன அம்பூசித்ரா வழியாக ரனுமஃபானா. நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே இறங்கும் மழைக்காடு இது, 1991-இல் தேசியப் பூங்காவானது. இரண்டு இரவு கொடுங்கள். எந்தத் தேசியப் பூங்காவிலும் உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது. வாசலில் உள்ள அலுவலகத்தில் நுழைவுக் கட்டணத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும். வழிகாட்டிக்கான கூலி, நீங்கள் எடுக்கும் நடைப்பாதையின் நீளத்தைப் பொறுத்தது. ஈரக்காடு என்பதால் அட்டை கடிக்கும், நீளமான காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஃபியனரன்சுவா. அதைத் தாண்டி அம்பலவாவு. அதற்குச் சற்றுத் தெற்கே அன்ஜா என்ற சிறு காப்பகம் இருக்கிறது. கிராமத்தாரே நடத்துகிறார்கள், வருமானம் ஊருக்கே போகிறது. வால் வளையமிட்ட லெமூர்களை மிக அருகில் பார்க்க இதைவிட நல்ல இடம் இந்தச் சாலையில் இல்லை. பெரிய பூங்காக்களை மட்டும் பட்டியல் போடுகிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

அம்பலவாவுக்குப் பிறகு நிலம் திறந்துகொள்ளும். இஹோசி தாண்டி ஹொரொம்பே மேட்டுநிலம், அதன்பின் ரனுஹிரா. இசாலோ பூங்காவின் வாசல் ஊர் இதுதான். மணற்கல் குன்றுகள், பள்ளத்தாக்கின் அடியில் இயற்கையான குளங்கள். இரண்டு இரவு. காலை ஆறரைக்கே நடக்கத் தொடங்குங்கள், பதினொரு மணிக்கு மேல் பாறை சுடும்.

ரனுஹிராவுக்குப் பக்கத்தில் இலக்காகா. 1998-இல் நீலக்கல் கிடைத்த பிறகு சில குடிசைகள் இருந்த இடம் திடீர் நகரமானது. கல் வாங்க இலங்கையிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வணிகர்கள் வந்து கடை போட்டார்கள். பார்க்கலாம், சுரங்கக் குழிகளைக் காட்டவும் ஆள் உண்டு. இரவு தங்கும் ஊர் இல்லை. அங்கிருந்து துலியாரா நாலைந்து மணி நேரம். வழியில் சில பகுதிகளில் கொள்ளைக்காரர்கள் பயம் உண்டு என்பதால் மதியம் மூன்று மணிக்குள் ஊர் போய்ச் சேருமாறு கிளம்புங்கள்.

துலியாராவிலிருந்து தெற்கே அனகாவ் என்ற மீனவ ஊருக்குப் படகு. கடல் உள்வாங்கியிருக்கும் நேரத்தில் படகு கரைக்கு வர முடியாது. அப்போது செபு மாட்டு வண்டி வரும். பெட்டியோடு வண்டியில் ஏற்றி, மாடுகளை வயிறு நனையத் தண்ணீருக்குள் ஓட்டிப் படகு வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள். வண்டிப் பலகையிலிருந்து படகுக்குத் தாவ வேண்டும், ஆகவே கைகள் காலியாக இருக்கட்டும். படகு காலையில் மட்டுமே. மதியத்துக்கு மேல் காற்று எழுந்து அலை மோதும்.

துலியாராவிலிருந்து தானாவுக்கு விமானத்தில் திரும்பிவிடுங்கள். அதே சாலையில் மூன்று நாள் திரும்பி வருவதற்கு அர்த்தம் இல்லை.

8. மேற்கே போகிறவர்களுக்கு

அன்சிராபேயிலிருந்து மேற்கே இறங்கும் சாலையில் மியன்ரிவாசு வழியாக மொருந்தாவா. ஒரே நாளில் போகலாம், இரண்டாகப் பிரித்தால் உடம்பு தாங்கும். பாவோபாப் சாலை மொருந்தாவாவுக்கு வடக்கே 20 கி.மீ. அளவில். மாலையில் எல்லா வண்டிகளும் அங்கேதான் நிற்கும். விடியற்காலையில் போனால் மாட்டு வண்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் மட்டும்.

அங்கிருந்து சிங்கியின் வாசலான பெகுபக்கா 200 கி.மீ. இருக்காது, ஆனால் முழு நாள் வேண்டும். வழியில் இரண்டு ஆறுகள். பாலமில்லாத சிரிபிஹினாவில் வண்டியைத் தெப்பத்தில் ஏற்றுவார்கள். ஆற்றங்கரை மணலில் இரண்டு சாய்பலகைகள் போட்டிருக்கும். உதவியாள் முன்னால் நின்று கைகாட்ட, டிரைவர் அங்குலம் அங்குலமாக ஏற்றுவார். பயணிகள் இறங்கி நடந்து ஏற வேண்டும். தெப்பம் நேராக எதிர்க்கரைக்குப் போகாமல், மணல்திட்டுகளைச் சுற்றி ஆற்றோடு வளைந்து போகும், அரை மணிக்கு மேல் ஆகும். வரிசை நீளமாக இருந்தால் இரண்டு மணி நேரம் காத்திருக்க நேரிடும். மறுகரையில் பெலோ என்ற ஊர், மதியச் சாப்பாட்டுக்கு அங்கே நிறுத்துவார்கள். அதன்பின் மனம்போலோ ஆற்றில் இன்னொரு தெப்பம். இரண்டும் இருட்டினால் ஓடாது. மொருந்தாவாவில் காலை ஏழு மணி தாண்டிக் கிளம்பினால் ஆற்றங்கரையில் இரவைக் கழிக்க வேண்டிவரும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, நேரம் உள்ளவர்களுக்கு நான் மனமார அதையே சொல்வேன். மியன்ரிவாசுவில் மரப்படகு ஏறி, சிரிபிஹினா ஆற்றின் போக்கிலேயே மூன்று நாள் மிதந்து பெலோ பக்கம் இறங்குவது. இரவில் மணல்திட்டில் கூடாரம். காரை முன்பே பெலோவுக்கு வரச் சொல்லிவிட்டால், குலுங்கும் சாலையில் பெரும்பகுதி மிச்சம்.

பெகுபக்காவில் இரண்டு முழு நாள் தேவை. பெரிய சிங்கியில் இடுப்பில் பட்டை கட்டி, இரும்புக் கயிற்றைப் பிடித்து, கத்தி முனைபோன்ற சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே ஏற வேண்டும். உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் சின்ன சிங்கியோடு நிறுத்திக்கொள்ளலாம். கையுறை எடுத்துப் போங்கள்.

9. விமானம், ரயில், தீவுப் படகு

உள்நாட்டு விமானங்களை மடகாஸ்கர் ஏர்லைன்ஸ் ஓட்டுகிறது. விமானங்கள் குறைவு, அட்டவணை மாறும், சில சமயம் நாளே மாறும். முதல் நாள் மாலை தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். உள்நாட்டு விமானத்தில் வந்து இறங்கி அதே நாளில் நாடு திரும்பும் விமானம் பிடிக்கும் திட்டத்தை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

ஃபியனரன்சுவாவிலிருந்து கிழக்குக் கரை மனகாராவுக்கு 163 கி.மீ. ரயில் பாதை உண்டு. 1926 முதல் 1936 வரை பிரெஞ்சு ஆட்சியில் போட்டது. மலைச்சரிவில் சுரங்கமும் பாலமுமாக இறங்கி, மனகாரா அருகே விமான ஓடுபாதையையே குறுக்கே கடக்கும். சாலையே இல்லாத மலைக் கிராமங்களின் வாழைக்குலையும் காபியும் இந்த ரயிலை நம்பித்தான் சந்தைக்குப் போகின்றன. 2022 பிப்ரவரியில் பட்சிராய் புயல் பாதையை மோசமாகச் சேதப்படுத்தியது. ஃபியனரன்சுவா போனதும் ஸ்டேஷனில் விசாரியுங்கள்; ஓடினால் ஏறுங்கள், ஆனால் இதை நம்பி நாட்களைக் கோக்க வேண்டாம்.

நோசி பேக்குப் போக, எதிர்க்கரையில் உள்ள அன்கிஃபியிலிருந்து விசைப்படகு. சான்த் மரி தீவுக்கு சுஆனியரானா-இவுங்குவிலிருந்தோ மஹம்புவிலிருந்தோ படகு. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே திமிங்கிலங்கள் வரும், அதே மாதங்களில்தான் கடலும் கொந்தளிக்கும். அந்தத் தடத்தில் விபத்துகள் நடந்திருக்கின்றன. உயிர்காப்பு உடை தராத படகில் ஏறாதீர்கள். இன்று கடல் சரியில்லை என்று படகுக்காரர் சொன்னால் வாதாடாமல் நாளைக்குப் போங்கள்.

10. வழியில் சாப்பாடு

தமிழர்களுக்கு இங்கே ஒரு பெரிய ஆறுதல், மூன்று வேளையும் சோறு. வண்டி நிற்கும் இடங்களில் ஹோட்டேலி என்ற சாப்பாட்டுக் கடைகள் இருக்கும். தட்டு நிறையச் சோறு, பக்கத்தில் கொஞ்சம் தொடுகறி. குடிக்க ரனுவூலா கொடுப்பார்கள். சோறு வடித்த பாத்திரத்தின் அடியில் பிடித்த காந்தலில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தது. புகை வாசனையோடு நன்றாகவே இருக்கும். கொதித்த நீர் என்பதால் குழாய்த் தண்ணீரைவிட இது மேல். காலையில் தெருவோரம் கரி அடுப்பில் மோஃபோ காசி சுடுவார்கள். அரிசி மாவில், குழி குழியான சட்டியில், கொஞ்சம் இனிப்பாக. நம் குழிப்பணியாரமேதான். சூடாக நாலு வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் சிரமப்படுவார்கள். பீன்ஸ் கறி என்று கேட்டாலும் அதில் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும், சம்போஸ் என்ற சமோசாவுக்குள் பெரும்பாலும் கறி இருக்கும். 'சி மிசி ஹேனா' என்றால் இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். இதை எழுதி வைத்துக்கொண்டு சமையல்கட்டிலேயே காட்டிவிடுங்கள். ஊறுகாயும் பருப்புப் பொடியும் பையில் இருந்தால் எந்த ஹோட்டேலியிலும் சமாளித்துவிடலாம்.

11. நடந்துகொள்ளும் முறை

சோதனைச் சாவடிகள் நிறைய. பாஸ்போர்ட்டின் அசலைக் கேட்பார்கள், கையருகே வைத்திருங்கள். ஆவணம் சரியாக இருந்தால் பதற்றம் வேண்டாம், பேச்சை டிரைவரிடம் விட்டுவிடுங்கள்.

ஊருக்கு ஊர் ஃபாதி என்ற விலக்குகள் உண்டு. ஓரிடத்தில் பன்றிக்கறி கொண்டுபோகக் கூடாது, இன்னோரிடத்தில் குறிப்பிட்ட மரத்தைத் தொடக் கூடாது. கல்லறைகளை நோக்கி விரலை நீட்டிக் காட்டுவது பல இடங்களில் தவறு. விரலை மடக்கிக் காட்டுங்கள். புது ஊரில் இறங்கியதும் இங்கே என்ன ஃபாதி என்று கேட்பதே மரியாதையாக எடுத்துக்கொள்ளப்படும். ஆங்கிலம் அதிகம் ஓடாது. பிரெஞ்சு ஓரளவு, உள்ளூர் மொழியான மலகாசியில் 'அஸஃபாதி' (தயவுசெய்து, மன்னிக்கவும்), 'மிசௌத்ர' (நன்றி) இரண்டும் தெரிந்தால் முகங்கள் மலரும்.

12. கிளம்பும் வாரம்

நாடு திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பாவது தானாவுக்கு வந்துவிடுங்கள். சாலை, படகு, விமானம் ஏதாவது ஒன்று நிச்சயம் தாமதிக்கும். மிச்சமிருக்கும் ஆரியாரியை அங்கேயே செலவழித்துவிடுங்கள், அந்த நாட்டுக்கு வெளியே அதை மாற்றுவது கஷ்டம். ரத்தினக் கல் வாங்கியிருந்தால் கடைக்காரரின் ரசீதும் ஏற்றுமதிக்கான தாளும் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பறிபோகும். அழிந்துபோன யானைப்பறவையின் முட்டை ஓட்டைத் துலியாரா பக்கம் விற்பார்கள். அனுமதியில்லாமல் அதைக் கொண்டுவர முடியாது, வாங்கவே வாங்காதீர்கள். வனிலா வாங்குவதானால் நீளமாகவும் விரலில் சுற்றினால் வளைகிற ஈரத்தோடும் இருக்கும் காய்களாகப் பார்த்து எடுங்கள். விமான நிலையக் கடையைவிடத் தானாவின் சந்தையில் விலை குறைவு.